கேளுங்க, சொல்றோம்: சாட் ஏரித் தண்ணி எங்க போச்சு?

கேள்வி: சார், ஆப்பிரிக்கால சாட் ஏரி 1963ல எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு ரெண்டு போட்டோ வாட்ஸப்ல சுத்துது. 90 சதவீதம் வத்திப்போச்சாம். மழை பொய்ச்சதாலயா, இல்ல மனுஷன் தண்ணிய எடுத்ததாலயா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: எனக்கும் அது நாலஞ்சு தடவை வந்துருச்சுங்க. போட்டோ பொய் இல்ல, ஆனா கதை பாதிதான். 1960கள்ல ஏரி கிட்டத்தட்ட 25,000 சதுர கிலோமீட்டர், 80கள் நடுவுல பத்துல ஒரு பங்கு கூட தேறல, அது நெசம். ஆனா ஏரியவே பாத்துக்கிட்டு இருந்தா காரணம் பிடிபடாது, ஆத்தப் பாக்கணும். ஏரிக்கு வர்ற தண்ணில 90 சதவீதம் போல ஷாரி, லோகோன் அப்படின்னு ரெண்டு ஆறு கொண்டு வர்றதுதான். ரெண்டும் தெற்கே மத்திய ஆப்பிரிக்க குடியரசு, கேமரூன் பக்கம் பொறந்து சாட் நாட்டுத் தலைநகர் என்ஜமீனால ஒண்ணா சேர்ந்து வருது. ஏரில இருந்து கடலுக்குப் போற ஆறுன்னு ஒண்ணும் கிடையாது, ஆழமும் சில மீட்டர்தான், அதனால வரத்து கொஞ்சம் குறைஞ்சாலும் கரை கிலோமீட்டர் கணக்குல உள்ள போயிரும்.

1970க்கு முன்னாடி அந்த ஆறு வருஷத்துக்கு சுமார் 40 கன கிலோமீட்டர் கொண்டு வந்துச்சு, நம்ம கணக்குல 1,400 டிஎம்சி. 70, 80கள்ல பெரிய வறட்சி, ஆறு பாதியாயிருச்சு. இங்கதான் விஷயமே இருக்கு, மழை குறைஞ்சத விட ஆறு குறைஞ்சது ஜாஸ்தி, ஏன்னா பெய்யற மழைல மண்ணும் மரமும் வெயிலும் முதல்ல அதுங்க பங்க எடுத்துக்கும், மிச்சம்தான் ஆறு. சம்பளம் குறைஞ்சாலும் வீட்டு வாடகை குறையாதுல்ல, கைல நிக்கற மிச்சம்தானே அடிவாங்கும், அதே கதை.

அந்த மழை ஏன் போச்சுன்னா, முதல்ல பழி விழுந்தது ஆடு மாடு மேய்க்கறவங்க மேல. 1975ல ஜூல் சார்னின்னு ஒரு வானிலை விஞ்ஞானி, மேய்ச்சல்ல நிலம் மொட்டையாகி வெயில திருப்பி அடிக்குது, அதனாலதான் மழை குறையுதுன்னு சொன்னாரு. அப்புறம் ஆராஞ்சதுல முக்கிய காரணம் கடல் சூடு மாறுனதுன்னு ஆச்சு, ஐரோப்பா அமெரிக்கா ஆலைப் புகைக்கும் அதுல பங்கு இருக்கு. மேய்க்கறவங்ககிட்ட யாராவது சாரி சொன்னாங்களான்னு கேக்காதீங்க!

மனுஷன் எடுத்ததும் உண்டு. 1979ல கேமரூன்ல நெல்லுக்காக மகாங்கற பேர்ல ஒரு அணை கட்டுனாங்க, கீழ லோகோன் வெள்ளம் பரவுற சமவெளி காஞ்சு மீனும் மேய்ச்சலும் போச்சு. நைஜீரியாக்காரங்க ஏரித் தண்ணிய நம்பி 67,000 ஹெக்டேருக்கு பாசனத் திட்டம் போட்டாங்க, கால்வாய் வெட்டி பம்பு வச்சா ஏரி பின்வாங்கி எங்கயோ போயிருச்சு. ஆனா 80கள் சுருக்கத்துக்கு பெரிய பங்கு மழைக்குத்தான். 90களுக்கு அப்புறம் மழை ஓரளவு திரும்பி ஏரியும் கொஞ்சம் தேறிருக்கு, 2022ல என்ஜமீனா ஊரே வெள்ளத்துல மிதந்துச்சு, அந்த போட்டோவ மட்டும் யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

கேள்வி: காட்ட அழிச்சா ஆத்துல தண்ணி குறையும்தானே? ஸ்கூல்ல அப்படித்தான் படிச்சோம்.
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: எல்லா இடத்துலயும் அப்படி இல்லம்மா. பக்கத்து நைஜர் நாட்டுல தலைநகர் நியாமே சுத்துவட்டாரத்துல புதரெல்லாம் வெட்டி கம்பு வெதச்சாங்க. மண்ணு மேல பொருக்கு தட்டிருச்சு, மழைத்தண்ணி உள்ள இறங்காம வழிஞ்சு ஓடி குட்டைல போய் நின்னுச்சு, அங்கிருந்து கீழ இறங்கி வறட்சி காலத்துலயே கிணத்துத் தண்ணி மட்டம் ஏறிருச்சு! மழை கம்மி, ஓடுற தண்ணி ஜாஸ்தி. இதக் கேட்டுட்டு வெட்டுனது நல்லதுன்னு யாரும் கிளம்பிறாதீங்க, மேல் மண்ணு அடிச்சுட்டுப் போகுது, மழை பெய்ஞ்சா திடீர் வெள்ளம், அப்புறம் ஒண்ணும் இல்ல.

கேள்வி: காங்கோ பக்கத்துல இருந்து கால்வாய் வெட்டி ஏரிய ரொப்பப் போறாங்களாமே?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ட்ரான்சாக்வான்னு பேரு, சுமார் 2,400 கிலோமீட்டர் கால்வாய், பல வருஷமா பேப்பர்லயே ஓடுது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணி பின்வாங்குன ஈர மண்ணுல இப்ப சோளமும் தட்டப்பயிறும் போட்டு நிறைய குடும்பம் பொழைக்குது, ஏரிய பழையபடி ரொப்புனா முதல்ல முங்கறது அவங்க வயல்தான்.