‘மிஸ், எப்போது தொடங்குவீர்கள்?’

(வாசகர் கேள்விகளுக்கு, அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில், வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அறையில் 17 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் தாதி பதில் எழுதுகிறார்.)

கேள்வி: சாம்பல்தீவில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 54. ஐந்து மாதமாக மேல்வயிற்றில் எரிவு. சாப்பிட்ட கையோடு நெஞ்சுக்குள் புளித்தண்ணீர் ஏறும். குளிசை போட்டால் குறையும், விட்டால் திரும்ப வரும். இரண்டு மாதத்தில் நாலு கிலோவும் குறைந்துவிட்டது. காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொல்கிறார். கிளினிக்கில் திகதி கிடைக்க நாளாகுமாம். தனியாரில் இந்தக் கிழமையே செய்யலாமாம். மகளோ கொழும்புக்கு வரச் சொல்கிறாள். எனக்குக் குழாயை நினைத்தாலே சத்தி வருகிறது. என்ன செய்ய?

தங்கச்சி, முதலில் அந்த நாலு கிலோவைப் பற்றிப் பேசுவோம். குழாய் அப்புறம்.

வெறும் நெஞ்செரிவுக்கு எல்லோரும் கமராவுக்கு ஓட வேண்டியதில்லை. முப்பது வயதுப் பிள்ளை ராத்திரி பத்து மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு எரியுது என்றால் நான் கொத்தைத்தான் நிறுத்தச் சொல்வேன். ஆனால் முயற்சி செய்யாமலே உடம்பு மெலிவது, சோறு இறங்காமல் நெஞ்சில் சிக்குவது, தார் மாதிரிக் கறுப்பாக மலம் போவது, இரத்தமாகச் சத்தி எடுப்பது, காரணம் தெரியாமல் இரத்தம் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பிறகு பார்ப்போம் என்று விடக்கூடாது. (இரும்புச்சத்துக் குளிசை குடிப்பவர்களுக்கும் மலம் கறுக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள்.) ஆகவே உங்களுக்கு இந்தச் சோதனை தேவை.

கிளினிக்கில் நீங்கள் மெலிந்ததைச் சொன்னீர்களா? ‘காஸ்ட்ரைட்டிஸ்’ (இரைப்பை அழற்சி) என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தால் வரிசையின் கடைசியில்தான் போடுவார்கள். இரண்டு மாதத்தில் நாலு கிலோ என்றால் திகதியை முன்னுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். நான் இருந்த அறையிலும் அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகும் நாள் தள்ளினால் தனியாரில் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது திகதியை. கூடவே ஒரு ஏசியும் திரைச்சீலையும் கிடைக்கும். பார்க்கிற கண் பெரும்பாலும் அதே கண்தான்: காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் நிற்கிறவர் பின்னேரம் தனியாரில் நிற்பார். திகதி எடுக்கும்போதே டொக்டர் காசு, ஆஸ்பத்திரிக் காசு, மயக்க ஊசி, சதைத்துண்டு எடுத்தால் அதன் லேப் காசு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் சொல்கிற தொகையில் கடைசி இரண்டும் அநேகமாக இருக்காது.

கொழும்பு வேண்டாம் என்பேன். 260 கிலோமீற்றர் தூரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

எனக்கு 61 வயதில் முழங்கால் வலி. டைக்ளோபெனக் குளிசையை நானாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினேன். வலிக்குளிசை வயிற்றைப் புண்ணாக்கும் என்று நூறு பேருக்குப் புத்தி சொன்னவள் நான்! வயிறு பிசையத் தொடங்கியதும், மகன் கண்டியில் இருப்பதால் அங்கேயே ஒரு தனியார் இடத்தில் செய்தோம். மயக்க ஊசி வேண்டாம், பார்க்க வேண்டும் என்றேன். இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, வாயில் பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கத் தந்தார்கள். அதற்கு முன்னரே தொண்டைக்கு மரப்பு மருந்து அடித்தாயிற்று. ஒரே கைப்பு. கொஞ்ச நேரத்தில் நாக்கு வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிடும். எச்சில் விழுங்க முடியவில்லையே என்று ஒரு பதற்றம் வரும். உண்மையில் விழுங்க முடியும், விழுங்குவது தெரியாது, அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ற சின்னப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, மூக்கால் ஆழமாக மூச்சை எடுங்கோ, கண்ணை மூடாதேங்கோ” என்றாள். 17 வருடம் நான் சொன்ன அதே வசனம். படுத்திருந்து கேட்கும்போதுதான் அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறதென்று தெரிந்தது. குழாய் போவது உணவுக்குழாய்க்குள். மூச்சுக்குழாய் தனி வழி. மூச்சு முட்டாது. கண்ணை மூடினால் மனசு தொண்டையிலேயே போய் நிற்கும். திறந்து சுவரில் எதையாவது பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். தொண்டையைத் தாண்டும் இரண்டு மூன்று விநாடி ஓங்காளித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, அது அழுகை இல்லை. பிறகு காற்றை ஊதி வயிற்றை விரிப்பார்கள், ஏப்பம் ஏப்பமாக வரும். வெட்கப்படாதீர்கள், அந்த அறையில் ஏப்பத்துக்கு மரியாதை குறையாது.

திரையில் என் இரைப்பையைப் பார்த்தேன். ஈரமான இளஞ்சிவப்பு. உப்புவெளிக் கடற்கரையில் தண்ணீர் வற்றும்போது மணலில் வரி வரியாக நிற்குமே, அப்படி மடிப்புகள். வெளிவாசலுக்குக் கிட்ட, அடி வெளுத்த இரண்டு சின்னப் புண். டொக்டர் குழாய்க்குள்ளால் ஒரு சின்ன இடுக்கியை விட்டு, குறுணி அரிசி அளவில் நாலைந்து துண்டு எடுத்தார். இரைப்பையின் உட்சுவருக்குக் கிள்ளுவது தெரியாது. எனக்கும் தெரியவில்லை. ஆறு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

கதை இனித்தான். படத்தோடு ரிப்போட் அன்றே கையில் வந்தது. “துண்டின் முடிவு வந்ததும் போன் பண்ணுவோம்” என்றார்கள். நான் திருகோணமலைக்கு வந்துவிட்டேன். போன் வரவேயில்லை. ஐந்து கிழமை கழித்து மகன் நேரில் போய்க் கேட்டபோது, கவுண்டரின் லாச்சிக்குள் என் பெயரெழுதிய கவர் கிடந்ததாம்! புற்றுநோய் இல்லை, கிருமி இருக்கிறது என்று எழுதியிருந்தது. மாறி எழுதியிருந்தால்? குழாயை விழுங்கிய தைரியத்தில் பாதி அந்தக் கவரைத் தேடிப் போவதற்கும் வேண்டும். எந்த நாளில் முடிவு வரும், யாரிடம் கேட்பது, நம்பர் என்ன என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கட்டிலை விட்டு இறங்க வேண்டும். கவரை எடுக்க ஓட்டோவில் போகக்கூடிய தூரத்தில் செய்யுங்கள். கொழும்பு வேண்டாம் என்றது இதற்குத்தான். இரைப்பையில் புண் இருந்தால் ஆறிவிட்டதா என்று பார்க்க இரண்டு மாதமளவில் திரும்பவும் கூப்பிடக்கூடும். அதற்கும் கிட்ட இருப்பது நல்லது.

பயம் அதிகமென்றால் மயக்க ஊசி கேளுங்கள். மிடாசோலம் என்ற மருந்து. முழு மயக்கம் இல்லை. சொன்னதைக் கேட்பீர்கள், பிறகு நினைவிருக்காது. எத்தனையோ பேர் எல்லாம் முடிந்து, வாயைத் துடைத்துவிடும்போது என்னைப் பார்த்து, “மிஸ், எப்போது தொடங்குவீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் அன்று முழுக்க மோட்டார் சைக்கிள் கூடாது, காணி உறுதியில் கையெழுத்தும் கூடாது, கூட்டிப்போக ஒருவர் கட்டாயம் வேண்டும். மரப்பு மருந்து மட்டுமென்றால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு மணித்தியாலம் போல எதுவும் குடிக்காமல் இருந்தால் போதும். மரப்போடு குடித்தால் புரையேறும்.

வெறும் வயிறு என்றால் வெறும் வயிறு. குறைந்தது ஆறு மணித்தியாலம். ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்கு “ரெண்டே ரெண்டு வாய்” பழஞ்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தார். திரை முழுக்கச் சோறு. அன்று அவரைத் திருப்பி அனுப்பினோம். பிரஷர் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு போடலாமா, சீனி வருத்தக்காரர் ஊசியை என்ன செய்வது, இரத்தம் இளக்கும் மருந்தை நிறுத்துவதா என்பதையெல்லாம் முதல்நாளே கேளுங்கள். வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்றவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். கட்டுப்பல் இருந்தால் கழற்ற வேண்டும், ஆடும் பல் இருந்தால் சொல்ல வேண்டும். நகப்பூச்சு வேண்டாம், விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவிக்கு அது இடைஞ்சல்.

கேள்வி: எத்தனை பேர் வாய்க்குள் போன குழாய் அது! சுத்தமாக இருக்குமா? – கிண்ணியா வாசகர்

நல்ல கேள்வி. நான் அந்த அறையில் இருந்த காலத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அவித்தால் குழாய் பழுதாகிவிடும். அதனால் ஒவ்வொருவருக்குப் பிறகும் உள்துளைகளுக்குள் நீளப் பிரஷை விட்டுத் தேய்த்து, என்சைம் சோப்பில் கழுவி, கிருமிநாசினியில் ஊறப்போட்டு, அலசி உலர்த்த வேண்டும். எங்கள் காலத்தில் 2 சதவீதக் குளுட்டரால்டிஹைட்டில் 20 நிமிடம். அந்த மணம் கண்ணைக் கரிக்கும்; வீட்டுக்குப் போனாலும் சேலையில் நிற்கும். கடைசியில் அலுமாரிக்குள் சுருட்டாமல் நேராகத் தொங்கவிட வேண்டும். தனியாரோ அரசாங்கமோ, “இரண்டு பேருக்கு நடுவில் எப்படிக் கழுவுகிறீர்கள்?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒழுங்காகச் செய்கிறவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

குழாயின் பருமனைக் கேட்டும் சிலர் எழுதியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர், சின்னவிரலை விட மெல்லியது, நன்றாக வளையும். 1868இல் ஜெர்மனியில் அடொல்ஃப் குஸ்மால் என்ற வைத்தியர் இரைப்பைக்குள் பார்க்க ஆசைப்பட்டு, நேரான உலோகக் குழாயை விழுங்க ஆளில்லாமல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்தார். 1957இல் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடியிழையால் வளையும் குழாய் செய்த பிறகுதான் நம்மைப் போன்ற சாதாரணத் தொண்டைக்காரருக்கு வழி பிறந்தது.

கேள்வி: அம்மாவின் ரிப்போட்டில் ‘கிளோ டெஸ்ட் பொசிட்டிவ்’ என்றிருக்கிறது. புற்றுநோயா? – மூதூர் வாசகி

இல்லை மகள். ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் இருக்கிறது என்று அர்த்தம். எடுத்த துண்டொன்றை ஒரு மஞ்சள் ஜெல்லுக்குள் வைப்பார்கள். கிருமி இருந்தால் அது சிவந்துவிடும். அவசரப்பட்டு வாசிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்வார், நான் அரை மணித்தியாலத்துக்குள் பத்துத் தரம் எட்டிப் பார்ப்பேன். புண்ணுக்குக் காரணம் கவலையும் உறைப்பும் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷல் என்ற வைத்தியர் 1984இல் இந்தக் கிருமியைத் தானே குடித்து வருத்தத்தை வரவழைத்துக் காட்டினார். 2005இல் ரொபின் வொரனோடு சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது.

அமிலம் குறைக்கும் குளிசையும் அன்டிபயோட்டிக்கும் சேர்த்து வழக்கமாக 14 நாள் தருவார்கள். வாய் கைக்கும், வயிறு இளகும், நாலாம் நாளே விட்டுவிடத் தோன்றும். விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். முடித்து நாலு கிழமையாவது கழிந்த பிறகு, கிருமி போய்விட்டதா என்று மலத்திலோ மூச்சிலோ பார்ப்பார்கள். இதற்குத் திரும்பக் குழாய் தேவையில்லை. அதற்கு முந்திய இரண்டு கிழமை ஒமிப்பிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் குளிசைகளை நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். கமராவுக்குப் போகும்போதும் இதே கதைதான். குளிசை குடித்துக்கொண்டிருப்பதை மறைக்காதீர்கள்.

கேள்வி: பித்தப்பைக் கல்லையும் இதிலேயே பார்த்துவிடலாமா? – அலெஸ்தோட்டம் வாசகர்

முடியாது. அதற்கு ஸ்கேன். பெருங்குடலுக்கும் வேறு குழாய், வேறு வாசல்.

கேள்வி: அப்பப்பாவுக்கு 78 வயது, தம்பலகாமத்தில் இருக்கிறார். மூன்று மாதமாகச் சோறு இறங்குதில்லை என்று கஞ்சியாகக் குடித்தார். இப்போது கஞ்சியும் சிக்குகிறது. வெற்றிலை போடாமல் இருக்க மாட்டார். கமரா என்றால் “என்னைக் கொல்லவா போறியள்” என்கிறார். நாங்களும் வற்புறுத்தவில்லை. – பேரன்

தம்பி, வற்புறுத்துங்கள். முதலில் சோறு, பிறகு கஞ்சி என்று படிப்படியாக இறங்க மறுத்தால் உணவுக்குழாய் ஒடுங்கி வருகிறதென்று அர்த்தம். என்ன ஒடுக்குகிறது என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் எழுதிவைத்திருக்கிறது. ஆனால் அதை இப்போது அவரிடம் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம். “கஞ்சி ஏன் சிக்குதென்று பார்ப்பம்” என்று மட்டும் சொல்லுங்கள். அவருடைய வயதில் ஊசி வேண்டுமா என்பதை டொக்டர் தீர்மானிப்பார். மரப்பு மருந்தோடு சமாளித்த எண்பது வயதுக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் இளசுகளை விட அமைதியாகப் படுப்பார்கள்.

தனியாருக்கான காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ‘கஞ்சியும் இறங்கவில்லை’ என்ற இந்த வசனத்தை அப்படியே சொல்லுங்கள். சோதனைக்குத் திகதி தரும்போது காலையில் முதல் ஆளாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் கிழவரைப் பதினொரு மணிவரை வெறும் வயிற்றோடு வாங்கில் இருத்தி வைக்காதீர்கள்.