பாங்காக்கில் தினமும் எங்கே, என்ன சாப்பிடுவது? கேள்வி பதில்

பாங்காக் வந்து பதினோரு வருடம் ஆயிற்று. முதல் ஆறு மாதத்தை தயிர்சாதத்திலும் பிரெட்டிலும் ஓட்டியவள் நான். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக, புதிதாக வந்திருப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அக்கா, வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. தாய் மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. (தாய்லாந்து மொழியைச் சொல்கிறேன்!) மதியம் எங்கே போய்ச் சாப்பிடுவது?

காவ் கேங் கடைக்குப் போங்கள் தம்பி. காவ் என்றால் சோறு, கேங் என்றால் குழம்பு. தட்டுகளில் பத்துப் பன்னிரண்டு வகை குழம்பும் பொரியலும் வரிசையாக இருக்கும். எழுத்து எதற்கு, விரல் போதும். இரண்டைக் காட்டினால் சோற்றின் மேலேயே ஊற்றித் தருவார்கள். சாதாரணக் கடையில் 50, 60 பாட்டுக்குள் (பாட் என்பது இங்கத்திய நாணயம்) முடிந்துவிடும். ஒரு மணிக்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும், பதினொன்றரைக்கே போய்விடுங்கள். பார்சல் கேட்டால் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றடைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கிச் சுற்றித் தருவார்கள். அதைச் சிந்தாமல் அவிழ்க்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

தினம் ஒரு கடை மாற்றாதீர்கள். ஒரே கடைக்கு ஒரு வாரம் போனால் அந்த அம்மாவே 'இன்றைக்கு இதை எடு' என்று கையைக் காட்டுவார். வழியில் பார்த்தால் 'கின் காவ் ரு யாங்?' என்பார். 'சாப்பிட்டாச்சா?' என்பதுதான் அது. நம்மைப் போலவே அவர்களுக்கும் அது விசாரிப்பு, விருந்துக்கு அழைப்பு இல்லை.

நான் சுத்த சைவம். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும் மீன் வாடை அடிக்கிறதே?

அடிக்கத்தான் செய்யும். இங்கே உப்புக்குப் பதில் 'நாம் ப்லா', அதாவது மீனைப் புளிக்கவைத்து எடுத்த சாறு. வெறும் கீரை வதக்கலிலும் அதுவோ சிப்பி சாஸோ விழும். குழம்பு மசாலாவில் இறால் விழுது அரைத்திருக்கும். சோம் தாம் என்ற பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் கிடக்கும். அவர்கள் ஏமாற்றவில்லை, துண்டு மீன் இல்லாவிட்டால் அது மீன் இல்லை என்பது அவர்கள் கணக்கு.

நீங்கள் சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. சீன வழி பௌத்தர்களின் விரத உணவு அது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதியிருப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் 17 என்று எழுதியதுபோல இருக்கும். சீனப் பஞ்சாங்கத்தின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி, ஒன்பது நாள் ஜே விழா வரும். அப்போது சீனர்கள் பகுதியான யாவராத் பக்கம் தெருவெல்லாம் மஞ்சள் கொடிதான். மற்ற நாட்களில் ஜே கடை தேடித்தான் போக வேண்டும். 'மங்சவிராத்' என்றாலும் சைவம்தான், ஆனால் அதில் முட்டை இருக்கலாம்.

இன்னொன்று: ஜே கடையில் 'வாத்து', 'பன்றி' எல்லாம் தட்டில் இருக்கும். பயப்படாதீர்கள், சோயாவும் கோதுமைப் பசையும்தான். எனக்கு அந்த வேஷம் பிடிக்காது. தோஃபுவைத் தோஃபுவாகவே சாப்பிட்டுப் போகலாமே.

காரம் தாங்க முடியவில்லை. மதுரைக்காரன் இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் வேண்டாம். நம் காரம் வற்றல் மிளகாயில் மெதுவாக ஏறுவது, இவர்களுடையது பச்சையாக இடித்த ஊசி மிளகாய். 'மை பெட்' என்றால் காரம் வேண்டாம் என்று அர்த்தம். சோம் தாமை உங்கள் கண்முன்னே உரலில் இடிப்பதால் எண்ணிக்கையே சொல்லலாம்: 'ப்ரிக் சோங் மெத்', இரண்டு மிளகாய். கூடவே ஒரு பொட்டலம் ஒட்டரிசிச் சோறு வாங்கி, கையால் உருட்டிச் சாப்பிடுங்கள். காரம் அடங்கும்.

கையாலா? இங்கே எல்லோரும் ஸ்பூன், ஃபோர்க் அல்லவா வைத்திருக்கிறார்கள்?

ஒட்டரிசிக்குக் கை. சாதாரணச் சோற்றுக்கு ஸ்பூன். ஃபோர்க் தள்ளிவிட மட்டும், வாய்க்குள் போகாது. நூடுல்ஸ் சூப்புக்குக் குச்சி.

நூடுல்ஸ் கடை மேஜையில் நான்கு கிண்ணம் இருக்கிறதே, எதற்கு?

சர்க்கரை, மிளகாய்த்தூள், மீன்சாறு, மிளகாய் ஊறிய வினிகர். முதலில் சூப்பைக் குடித்துப் பார்த்து, பிறகு உங்கள் ருசிக்குச் சேர்ப்பது. சர்க்கரையா என்று முகம் சுளிக்காதீர்கள், அரை ஸ்பூன் போட்டுப் பாருங்கள். படகு நூடுல்ஸ் மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள்; அந்தக் கறுப்புக் குழம்பில் பெரும்பாலும் ரத்தம் கலந்திருக்கும்.

சந்தையில் வேப்பங்கொழுந்து மாதிரி ஒன்றைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். வேப்பிலையேதானா?

வேம்பேதான், 'சதாவ்' என்பார்கள். நம் வேம்பின் நெருங்கிய உறவு, கசப்பு கொஞ்சம் குறைவு. குளிர்காலத்தில் மொட்டும் கொழுந்துமாக வரும். வெந்நீரில் போட்டெடுத்து, புளியும் பனைவெல்லமும் மீன்சாறும் காய்ச்சிய இனிப்புக் குழம்பில் தொட்டு, சுட்ட கெளுத்தி மீனோடு சாப்பிடுவார்கள்.

அதே சந்தையில் இன்னும் நின்று பாருங்கள். அகத்திப்பூவும் முருங்கைக்காயும் கேங் சோம் என்ற புளிக்குழம்புக்குப் போகின்றன. வல்லாரையை அரைத்துப் பச்சை ஜூஸாக விற்கிறார்கள், சங்குப்பூவை நீல சர்பத்தாக. பாட் கப்ராவில் இறைச்சியோடு வதக்கும் இலை நம் துளசியேதான். போன வருடம் என் மாமியார் வந்திருந்தபோது அது துளசி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஊருக்குத் திரும்பும்வரை அந்தக் கடை இருக்கும் சந்துப் பக்கமே அவர் வரவில்லை.