சென்னையிலிருந்து குடும்பத்தோடு பினாங்குப் பயணம்: ஈப்போவில் ஒரு ராத்திரி தங்குங்கள்

வணக்கம் சகோ. ராத்திரி விமானத்தில் கிளம்பி, காலையில் கோலாலம்பூரில் இறங்கி, வாடகைக் காரில் அன்றைக்கே பினாங்கு போகலாமா, மதியம் ஈப்போ நண்பர் வீட்டில் எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட இரண்டு சின்னப் பிள்ளைகள்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு சுமார் 350 கிலோமீட்டர். சாலை அருமை, நம் ஊர் போலவே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் நம் கணக்கில் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிற ஊர் அது. விமானத்தில் ராத்திரி அவ்வளவு சுருங்கிவிடும், தூக்கமே இல்லாமல் ஸ்டியரிங் பிடிப்பீர்கள்.

வழியில் இருக்கிற ஈப்போ 200 கிலோமீட்டர்தான். அன்று ராத்திரி நண்பர் வீட்டிலேயே தங்குங்கள். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறவரிடம் ஒரு மணி நேரத்தில் எழுந்தால் அவர் மனசு கஷ்டப்படும். காலையில் ஊரைச் சுற்றியிருக்கிற சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தபடி, ஈப்போவுக்குப் பேர்போன வெள்ளைக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் பினாங்குப் பாலம் வந்துவிடும்.

அப்புறம், சுங்கச்சாவடியில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். காரில் டச் அண்ட் கோ (சுங்கம் கட்டுகிற, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும்) அட்டை இருக்கிறதா, அதில் பணம் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள். குழந்தை இருக்கை அங்கே கட்டாயம். புக் செய்யும்போதே கேட்டு வையுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இங்கேயே ஆர்டிஓவில் எடுத்துவிடுங்கள்.

திரும்புவதை ஞாயிறு மாலைக்கு வைக்காதீர்கள். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே, தாப்பாவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.