உளி எவ்வளவு தீட்டியும் கூர் நிற்கவில்லை. வீட்டிலேயே சரியாகத் தீட்டுவது எப்படி?

புதிதாக வாங்கிய உளிகள் தேக்குச் சட்டத்தில் இரண்டு துளை போடுவதற்குள் மழுங்கிவிடுகின்றன, இருபக்கக் கல்லில் தேய்த்தும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரும்பு மட்டம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கடையில் விற்கும் உளி பெரும்பாலும் சாணை மட்டும் பிடித்துத்தான் வருகிறது. தீட்டி எடுப்பது வாங்குபவரின் வேலை. தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் அது எந்த உளியையும் சீக்கிரம் தேய்க்கும் என்பதும் உண்மை.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது உளியின் தட்டைப் பக்கத்தில். சாய்வான முகமும் தட்டையான பின்முகமும் சந்திக்கும் கோடுதான் கூர். சாய்வை எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும், பின்முகத்தில் சாணைக் கீறல்கள் இருந்தால் அந்தக் கோடு ரம்பப் பல்போல நொறுங்கலாகவே இருக்கும். அதனால் முதல் வேலை பின்முகத்தைச் சமன் செய்வது. இதை ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் போதும், மறுபடி செய்ய வேண்டியிருக்காது.

கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மி.மீ. கனக் கண்ணாடியில் வெட்டி மிஞ்சிய துண்டு கேளுங்கள். ஓர் அடி நீளம், நான்கு அங்குல அகலம் போதும். அதன்மேல் தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். 220, 400, 1000, 2000 எண் தாள்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பின்முகம் முழுவதையும் தேய்க்க வேண்டாம். வாயிலிருந்து, அதாவது வெட்டும் ஓரத்திலிருந்து, ஓர் அங்குலம் போதும். அந்தப் பகுதியைத் தாளில் படுக்கவைத்து இரண்டு விரலால் அழுத்தி முன்னும் பின்னும் தேயுங்கள். பிடியைத் துளியும் தூக்கக் கூடாது. தூக்கினால் வாய் ஓரம் உருண்டுவிடும், பிறகு அதைச் சரிசெய்வது பெரிய பாடு. 220-இன் கீறல்கள் வாய் ஓரம்வரை ஒரே சீராக விழுந்த பிறகே 400-க்குப் போக வேண்டும். பழைய கீறல் ஒன்றுகூட மிச்சமில்லாதபோது அடுத்த தாள்.

அடுத்தது சாய்வு. மரவேலை உளிக்கு 25 பாகை சாணைச் சாய்வும், நுனியில் மட்டும் 30 பாகையில் ஒரு சிறு சாய்வும் பொருத்தம். கோணமானி தேவையில்லை. சாய்வின் நீளம் உளியின் கனத்தைப்போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 பாகை, கிட்டத்தட்ட 2.4 மடங்கு என்றால் 25. 4 மி.மீ. கன உளிக்கு முறையே 8 மி.மீ., 9.5 மி.மீ. உங்களுடையதை அளந்து பாருங்கள். 20 பாகைக்குக் கீழே இருந்தால், கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடித்து வேலை செய்யும்போது வாய் மடங்கிவிடும். "இரண்டே துளையில் மழுங்கியது" என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கையால் தீட்டும்போது மணிக்கட்டு ஆடி முகம் உருண்டுபோவது எல்லோருக்கும் வரும் சிக்கல். உளியை இருபுறமும் கவ்விப் பிடிக்கும், அடியில் ஒற்றைச் சக்கரம் வைத்த தீட்டும் கைடு ஒன்று வாங்கிவிடுங்கள். வழக்கமான மாதிரியில் உளி 30 மி.மீ. வெளியே நீட்டியிருந்தால் 30 பாகையும், 40 மி.மீ. என்றால் 25 பாகையும் கிடைக்கும். இந்த இரண்டு நீளத்தையும் ஒரு கட்டையில் அளந்து தடுப்பு அறைந்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கோணம் மாறாது. கோணம் சரிதானா என்று பார்க்க, சாய்வில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து இரண்டு இழுப்பு இழுங்கள். மை வாய் ஓரத்தில் அழிந்தால் சரி. சாய்வின் மேல் ஓரத்தில் மட்டும் அழிந்தால் இன்னும் வாயைத் தொடவில்லை என்று அர்த்தம். சாய்வைத் தாளில் தீட்டும்போது உங்களை நோக்கி மட்டும் இழுங்கள். தள்ளினால் தாள் கிழியும்.

எப்போது நிறுத்துவது? எத்தனை முறை இழுத்தோம் என்ற கணக்கு வேண்டாம், பிசிறைப் பாருங்கள். சாய்வைத் தீட்டத் தீட்ட மறுபக்கம் மெல்லிய இரும்புப் பிசிறு கிளம்பும். பின்முகத்தில் கட்டைவிரலை வைத்து வாய்க்கு வெளியே தள்ளிப் பாருங்கள், வாயின் நீளவாக்கில் ஓட்டாதீர்கள். நகத்தில் இடறுவதுபோல ஒரு தடை தெரியும். வாயின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பிசிறு வந்திருந்தால்தான் இரண்டு முகமும் சந்தித்திருக்கின்றன. ஒரு மூலையில் மட்டும் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் விரலை அழுத்தித் தொடருங்கள். பிசிறு வருமுன் நுண்ணிய தாளுக்கு மாறுவதால்தான் பலருக்கு மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் ஏறுவதில்லை. 2000 முடிந்ததும் பின்முகத்தைப் படுக்கவைத்து நாலைந்து இழுப்பு இழுங்கள். பிறகு பலகையில் ஒட்டிய தோலில் பச்சை பாலிஷ் கட்டியைத் தடவி, இரு முகத்தையும் இருபது முறை பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும்.

இனி வாயை விளக்கடியில் நேராகப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாயில் ஒன்றும் தெரியாது. பேக்கிங் பெட்டியின் பைன் கட்டையில் தலைமரத்தை, அதாவது குறுக்கே அறுத்த முனையை, கையழுத்தத்திலேயே செதுக்கிப் பாருங்கள். மெழுகு சீவியதுபோல வழவழப்பாக வந்தால் உளி தயார். நார் நசுங்கி வெளுத்த குழிகள் விழுந்தால் இன்னும் தீட்ட வேண்டும்.

உங்களிடமுள்ள இருபக்கக் கல்லைத் தூக்கிப்போட வேண்டாம், வாய் கொஞ்சம் உடைந்தால் அது உதவும். ஆனால் அதன் நுண்பக்கம்கூட மரவேலைக்குக் கரடுதான். அதோடு நிறுத்தினால் கூர் போதாது. நடுவில் குழி விழுந்த கல் நேரான வாயைத் தராது. கல்லின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடியில் வைத்த 120 எண் தாளில் தண்ணீரோடு தேயுங்கள். கட்டம் முழுவதும் அழிந்தால் கல் சமம். சமையல் எண்ணெய் ஊற்றாதீர்கள். அது நாளடைவில் பிசுபிசுத்துக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். தையல் மெஷின் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் போதும். ஒருமுறை எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் வேலைக்காகாது.

மோட்டார் சாணையில் மிகுந்த கவனம் வேண்டும். வாய் மெலிந்த இடத்தில் சூடு நொடியில் ஏறும். நுனி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம், அதாவது இரும்பின் கடினம், போய்விட்டது; நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் மெதுவாகத் தேய்த்து எடுக்கும்வரை கூர் நிற்காது. வாய் உடைந்திருந்தால் முதலில் உளியைச் செங்குத்தாகப் பிடித்து நுனியை நேராக்கிவிட்டு, அப்புறம் சாய்வு பிடியுங்கள். தடித்த நுனி அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள்.

இழைப்புளித் தகட்டுக்கும் இதே முறைதான். அதே கைடில் 30 பாகைக்கு 38 மி.மீ., 25-க்கு 50 மி.மீ. நீட்ட வேண்டும். கடைசி இழுப்புகளில் இரு மூலையிலும் விரலை அழுத்தி இழுத்து மூலையைச் சற்றே தணித்துவிடுங்கள், பலகையில் மூலைக் கோடு விழாது. மேல்தகட்டை, அதாவது வெட்டும் தகட்டின்மேல் திருகி வைக்கும் இரண்டாவது தகட்டை, வாயிலிருந்து 1 மி.மீ. தள்ளி முடுக்குங்கள். நார் திரும்பிய பலகை என்றால் அரை மி.மீ.க்கும் குறைவாக நெருக்குங்கள், பிய்வது குறையும். மேல்தகடு வெட்டும் தகட்டோடு இடைவெளியின்றி உட்கார வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அதில் மரச்சுருள் சிக்கி, சுருள் வெளிவரும் இழைப்புளித் துளை அடைத்துக்கொள்ளும்.