லேத்து என்ன, கிலோவுக்கு விற்கிற சாமானா?

கேள்வி: வீடு மாறுவதற்கு முன் பழைய லேத்தை (இரும்பு கடையும் இயந்திரம்) விற்க வேண்டும். புதுப் பெயின்ட் அடித்தால் விலை கூடுமா?

கூடாது. பெயின்ட் வாசனை அடித்தாலே எதை மறைக்கிறான் என்று தேடுவார்கள். துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள்.

கேள்வி: தோட்டத்துப் பட்டறையில் 31 வருடம் ஃபிட்டர். பட்டறையை மூடியபோது ஒரு பெரிய லேத்தும், ஈயச் (டின்) சுரங்கத்துச் சாமான்கள் விற்றபோது ஒரு சின்ன லேத்தும் வாங்கி வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வைத்தேன். சின்னதில் மைஃபோர்ட் என்று இருக்கும். இப்போது ஷா ஆலமில் மகளோடு எட்டாவது மாடிக்குப் போகிறோம். இரும்புக்கடை தவுக்கே எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, மரப்பெட்டியில் கிடக்கும் சில்லறைச் சாமானையும் சேர்த்து 900 வெள்ளி தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? (சுங்கை சிப்புட்)

ஐயா, 31 வருடம் அந்த இயந்திரத்தோடு நின்ற நீங்களே இப்படிக் கேட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? தராசு வார்ப்பிரும்பைத்தான் நிறுக்கும். 1985-இல் ஈய விலை விழுந்து இந்தப் பக்கத்துச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது நல்ல நல்ல இங்கிலாந்து லேத்துகளை கேஸ் வைத்து வெட்டி லோரியில் ஏற்றினார்கள். அன்றும் கிலோ கணக்குதான். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் சின்ன லேத்து மைஃபோர்ட் எம்.எல்.7 மாடலாக இருந்தால், அது 1946-இலிருந்து நாட்டிங்ஹாம் பக்கத்தில் பீஸ்டன் என்ற ஊரில் செய்தது. வீட்டில் வைத்துக் கடைசல் பிடிக்கிறவர்கள் இன்னும் தேடி வாங்குகிற சாமான். ஆனால் விலையில் பாதி அந்த மரப்பெட்டிக்குள் கிடக்கிறது. அதைப் போய் சில்லறைச் சாமான் என்கிறீர்களே! மரை வெட்ட மாற்றி மாற்றிப் போடும் பல்சக்கரங்களை, அதுதான் சேஞ்ச் கியர்களை, வெளியே எடுத்து, ஒவ்வொன்றின் பல்லையும் எண்ணி எழுதுங்கள். 127 பல் கியர் ஒன்று கிடைத்தால் தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. வெட்டும் உளியை நகர்த்துகிற நீளத் திருகான லீட் ஸ்குரூ அங்குலக் கணக்கில் இருந்தால், அதில் மில்லிமீட்டர் மரை பிசகில்லாமல் வெட்டுவதற்கு அந்தப் பல் கணக்கு வேண்டும். கம்பியைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடை சக், நான்கு தாடை சக், வேலையைக் கட்டும் தட்டான ஃபேஸ் பிளேட், நீளக் கம்பியைத் தாங்கும் ஸ்டெடி எல்லாம் அதனதன் லேத்தோடுதான் போக வேண்டும். தாடைகளில் 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும். ஒரு சக்கின் தாடையை இன்னொன்றில் போட்டுக் கலந்துவிடாதீர்கள்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஈப்போவில் ஒருவரிடம் மலிவு என்று ஒரு லேத்து வாங்கினேன். "பெட்டியை நாளைக்குத் தருகிறேன்" என்றார். பெட்டி போன வாரமே விலை போயிருந்தது. பிறகு தனியாக ஒரு சக் வாங்கினேன். என் லேத்தில் சக் மாட்டும் கழுத்து ஒன்றே அரைக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை. வாங்கிய சக்கில் 8 மரை. இப்போது அது எங்கள் வீட்டில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது. 180 வெள்ளிக்கு நல்ல முட்டு.

லேத்தை ஓடவிட்டு, ஒரு கம்பியைக் கடைந்து, இரண்டு முனையும் என்ன அளவு என்று வாங்க வருகிறவர் கண்முன்னே காட்டுங்கள். சக் பக்கத்தில் பெட் (உளி நகரும் அடித்தளம்) தேய்ந்திருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள், தெரிந்தவன் எப்படியும் கண்டுபிடிப்பான். விலை நான் சொல்லமாட்டேன், பார்க்காத இயந்திரத்துக்கு விலை சொன்னால் அது ஜோசியம். இரண்டு மூன்று கடைசல் பட்டறைக்காரர்கள் வந்து பார்க்கட்டும். அதுவரை தவுக்கேயைக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: போனில் படம் பார்த்து 4,500 வெள்ளிக்குப் பழைய கோல்செஸ்டர் லேத் வாங்கினேன். வீட்டில் இறக்கிய பிறகு எலெக்ட்ரீஷியன் "இது த்ரீ ஃபேஸ், இங்கே ஓடாது" என்கிறார். விற்றவர் வீட்டைக் காலிசெய்து ஜோகூருக்குப் போய்விட்டார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாமா?

தம்பி, எத்தனை படம் பார்த்தீர்கள்? மோட்டாரின் தகட்டை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் 415 வோல்ட், அதாவது த்ரீ ஃபேஸ் கரண்ட் என்று அதிலேயே தெரிந்திருக்கும். தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமல், 50,000 வெள்ளி வரை கேட்கலாம்தான். ஆனால் அது வியாபாரிமேல் பயனீட்டாளர் கொடுக்கும் புகாருக்கு. வீடு மாறுகிறவர் தன் பழைய சாமானை விற்றால் அவர் வியாபாரி ஆகிவிடமாட்டார். அவர் பொய்யும் சொல்லவில்லை, நீங்கள்தான் கேட்கவில்லை. தகட்டில் 240/415 என்று இரண்டும் இருந்தால் மோட்டாரின் வயர்களை டெல்டாவாக (முக்கோண இணைப்பாக) மாற்றிக் கட்டி, வீட்டு சிங்கிள் ஃபேஸ் கரண்டை த்ரீ ஃபேஸ் ஆக்கித் தரும் இன்வெர்ட்டர் வைக்கலாம். 415 மட்டும் என்றால் மோட்டாரை மாற்றுவது நல்லது.

கேள்வி: கணவர் தவறி ஏழு மாதம் ஆகிறது. வீட்டை விற்றுவிட்டு அக்காவிடம் போகிறேன். அவருடைய லேத்தைப் பார்க்க வந்தவர் 200 வெள்ளியை என் பேங்க் கணக்கில் போட்டுவிட்டு, "சக்கையும் மைக்ரோமீட்டரையும் கொண்டுபோய்ச் சோதிக்கிறேன், நாளைக்கு லோரியோடு வருகிறேன்" என்று எடுத்துப் போனார். மூன்று வாரமாகப் போன் எடுக்கவில்லை. என்னை எல்லாரும் ஏமாளி என்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் என் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிற அந்த 180 வெள்ளிச் சக்கை வந்து பார்க்கட்டும் அம்மா. துக்க வீடு என்று தெரிந்தே வந்திருக்கிறான். ஆனால் அவன் போட்ட அந்த 200 வெள்ளியே அவனைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் பேங்க் கணக்கு அறிக்கையில் அனுப்பியவர் பெயர் இருக்கும். அதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அச்செடுத்துக்கொண்டு முதலில் போலீஸ் புகார் கொடுங்கள். தீர்ப்பாயம் உங்களுக்கு உதவாது, நீங்கள் விற்கிற பக்கம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாக 5,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமல் கேட்கலாம். அதற்கு அவன் பெயரும் முகவரியும் வேண்டும். பழைய கைக்கருவி விற்கும் கடைகளில் தெரிந்த பையன் ஒருவனை விட்டு விசாரியுங்கள், சில நேரம் சாமான் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். லேத்தைப் பார்க்க இனி யார் வந்தாலும் கூட ஒருவர் இருக்கட்டும். முழுப் பணம் வராமல் ஒரு சாவிகூட வாசலைத் தாண்டக் கூடாது.

கேள்வி: லோரிக்காரர் லேத்தைப் படுக்க வைத்து ஏற்றலாம் என்கிறார்.

வேண்டாம். அதன் கனமெல்லாம் தலைப்பக்கம். கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் சக்கையும் கழற்றித் தனியே வையுங்கள், லீட் ஸ்குரூவில் கயிறு போடாதீர்கள், நின்றபடியே பலகையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். வார்ப்பிரும்பு வளையாது, விழுந்தால் உடையும். லோரிக்காரர் பிடிவாதம் பிடித்தால் வேறு லோரி பாருங்கள்.