ஆப்டோமெட்ரி நேர்முகத் தேர்வில் ‘நீட்டில் இடம் கிடைக்கவில்லை’ என்று சொல்லலாமா?

பார்வையை அளந்து கண்ணாடி எழுதித் தரும் இந்தப் படிப்பை ‘ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று கேட்டால் அப்படிச் சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். எதிரே இருப்பவர்களுக்கு அந்தப் பதில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது. “அப்படியானால் ஏன் நர்சிங் இல்லை, பிசியோதெரபி இல்லை?” என்பார்கள்.

மனப்பாடம் இங்கே உதவாது. அருகிலுள்ள கண் மருத்துவமனையில் அனுமதி கேட்டு அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். இருட்டறையில் ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியின் ஒளிக்கீற்றைக் குழந்தையின் கண்ணில் மெல்ல அசைத்து, கண்மணிக்குள் நகரும் செந்நிற ஒளியை வைத்தே, ‘அ’ எழுதத் தெரியாத பிள்ளைக்கும் பவர் கண்டுபிடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டால் சொல்வதற்கு உங்களுக்கென்று ஒன்று இருக்கும்.

பெரும்பாலும் தப்பாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: கண் மருத்துவர், ஆப்டோமெட்ரிஸ்ட், ஆப்டீஷியன் மூவருக்கும் என்ன வேறுபாடு? அறுவை சிகிச்சை மருத்துவருடையது. பார்வையை அளந்து கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ எழுதித் தருவதும், நோயின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவதும் ஆப்டோமெட்ரிஸ்ட் வேலை. அந்தச் சீட்டின்படி கண்ணாடி பொருத்தித் தருபவர் ஆப்டீஷியன். இதில் தடுமாறினால் மற்றதெல்லாம் வீண்.

பிளஸ் டூ ஒளியியலை ஒருமுறை புரட்டுங்கள். கிட்டப்பார்வையில் பிம்பம் விழித்திரைக்கு முன்னால் விழுகிறது, அதனால் குழிலென்ஸ். ஒருவரின் பார்வை 6/18 என்றால், இயல்பான பார்வையுள்ளவர் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும்.

நீங்களே கண்ணாடி அணிபவரா? உங்கள் பவரைத் தெரிந்துகொண்டு போங்கள். கேட்டால் ‘மைனஸ் ஏதோ’ என்று இழுக்காதீர்கள்.