சின்னத்திரைக்குப் பின்னால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் முடித்திருக்கிறேன். தொடர்களில் உதவி இயக்குநராகச் சேர ஆசை. படப்பிடிப்பில் உதவி இயக்குநருக்கு உண்மையில் என்ன வேலை?
(மாணவர், கோவில்பட்டி)

பதில்: இயக்குநரின் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காட்சியை விவாதிக்கும் வேலை என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தொடக்கத்தில் உங்களிடம் வருபவை பெரும்பாலும் பிராம்ப்டிங் (நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது), கண்டினியூட்டி (வெவ்வேறு நாளில் எடுத்த ஷாட்டுகளில் உடை, பொருள், அசைவு எல்லாம் பொருந்துமாறு பார்த்துக்கொள்வது) ஆகிய இரண்டும்தான்.

தினசரித் தொடரில் வசனத்தாள் பல நாட்களில் காலையில்தான் செட்டுக்கு வந்து சேரும். மனப்பாடம் செய்ய நேரமில்லாதவருக்கும், கன்னடமோ மலையாளமோ தாய்மொழியாகக் கொண்ட நடிகைக்கும், கேமராவின் பார்வைக்கு வெளியே நின்று நீங்கள் வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்ல வேண்டும். அவர் அதைப் பிடித்துப் பேசுவார். பிறகு டப்பிங் செய்துவிடுவதால் உங்கள் குரல் நேயரை எட்டாது. சற்று முந்திச் சொன்னால் நடிகரின் முகபாவம் பாதியில் அறுந்துவிடும்; பிந்தினால் அவர் உங்களைத் திரும்பிப் பார்த்துவிடுவார். ஒருவருடைய மூச்சை அளந்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும் இந்தப் பழக்கம், பிற்காலத்தில் நடிகர்களை இயக்குவதற்கு மிகவும் உதவும் என்பது என் அனுபவம்.

கண்டினியூட்டி இதைவிடக் கடினம். ஒரு வீட்டின் கூடத்தில் நடக்கும் காட்சிகள் எந்த நாளில் ஒளிபரப்பாவதாக இருந்தாலும், விளக்குகளை ஒருமுறை அமைத்துவிட்டால் அவற்றை ஒரே நாளில் எடுத்து முடிப்பதுதான் வழக்கம். நாயகி அன்று நான்கு புடவை மாற்றுவார். நான் சேர்ந்த புதிதில், மாமியார் பூக்கூடையோடு வாசற்படி ஏறும் காட்சியை ஒரு நாளும், அவர் கூடத்துக்குள் நுழைவதைப் பதினொரு நாள் கழித்தும் எடுத்தோம். புடவையின் நிறம், பொட்டின் அளவு, கொண்டையில் இருந்த பூ வரை என் நோட்டில் இருந்தன. கூடை மட்டும் இல்லை. அது கலைத்துறையின் பொருள் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். எடிட்டர் என்னை அறைக்கு அழைத்து, ஒன்றும் சொல்லாமல் அந்த இரண்டு ஷாட்டுகளையும் மூன்று முறை ஓட்டிக் காட்டினார். பிறகு மருமகளின் முகத்தை மூன்று விநாடி நடுவில் செருகி, கூடையை எங்கோ வைத்துவிட்டு வந்தவர்போல் மாமியாரை உள்ளே வரவைத்தார். இப்போது எல்லோரும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், நல்லதுதான். ஆனால் எந்தச் சொல்லில் எந்தக் கை உயர்ந்தது என்பதைப் படம் சொல்லாது. நோட்டை விடாதீர்கள்.

கேள்வி: நேரலையில் செய்தி வாசிப்பவர் சில சமயம் பேச்சை நிறுத்திக் காதில் எதையோ கேட்கிறார். அவரிடம் பேசுவது யார்? மின்னணுவியல் டிப்ளமோ படிக்கும் என் பேரனுக்கு அங்கே இடமுண்டா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: பேசுபவர், பி.சி.ஆர். எனப்படும் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் புரொடியூசர், ஐயா. அவருக்கு அருகில், எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று பொத்தானை அழுத்தும் சுவிட்சர், ஒலிப் பொறியாளர், திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை ஏற்றும் கிராஃபிக்ஸ் ஆபரேட்டர், வாசிப்பவரின் வேகத்துக்கு ஏற்ப வரிகளை உருட்டும் பிராம்ப்டர் ஆபரேட்டர் ஆகியோர் இருப்பார்கள். வாசிப்பவர் நேயரைப் பார்த்து நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் காதில் ‘செய்தியாளர் இணைப்பு போய்விட்டது, அடுத்த செய்திக்குப் போங்கள், பத்து, ஒன்பது, எட்டு’ என்று ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கும். இடைவேளைக்கு இத்தனை விநாடி என்று தலைகீழாக எண்ணும் அந்தக் குரலைக் கேட்டபடியே தடுமாறாமல் வாசிப்பதால்தான் அவர்களுக்கு நான் எப்போதும் தனி மதிப்பு வைத்திருக்கிறேன்.

தங்கள் பேரனுக்குப் பொருத்தமான இடம் அதற்கும் பின்னால் இருக்கிறது: எம்.சி.ஆர். என்னும் மாஸ்டர் கண்ட்ரோல் ரூம். நிகழ்ச்சி, விளம்பரம், அறிவிப்பு எல்லாம் அங்கிருந்துதான் செயற்கைக்கோளுக்குப் போகின்றன. நம் நாட்டில் ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம்கள், அதாவது 25 தனித்தனிப் படங்கள், திரையில் ஓடுகின்றன. அரை விநாடி திரை கறுத்துவிட்டால்கூட நேயர் கண்டுகொள்வார். ஒரு மணி நேரத்தில் வணிக விளம்பரம் 10 நிமிடம், சேனலின் சொந்த விளம்பரம் 2 நிமிடம், அதற்கு மேல் கூடாது என்று விதி இருப்பதால், எது எத்தனை விநாடி ஓடியது என்ற பதிவும் பிசகக் கூடாது. இரவு ஷிஃப்ட் உண்டு. தீபாவளியும் பொங்கலும் பெரும்பாலும் அந்த அறையில்தான் கழியும். அதற்கு மனம் ஒப்பினால் மாதச் சம்பளத்துக்கு நல்ல வேலை.

கேள்வி: மகள் எடிட்டிங் படிக்க விரும்புகிறாள். எங்கே சேர்ப்பது? நிலையான வருமானம் கிடைக்குமா, பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்குமா என்று கவலையாக இருக்கிறது.
(ஒரு தாயார், மதுரை)

பதில்: பிளஸ் டூ முடித்தவர் என்றால் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தை முதலில் பாருங்கள். பட்டம் பெற்றவர் என்றால் புணேயில் உள்ள திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரி, தொலைக்காட்சிக்கென்றே ஓராண்டுப் படிப்புகளை நடத்தி வருகிறது. ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பணம் கட்டுவதற்கு முன், அங்கே படித்து வெளியேறிய இரண்டு பேரிடமாவது பேசுங்கள், அம்மா.

வருமானத்தைப் பொறுத்தவரை, சேனலில் மாதச் சம்பளம். தொடர் யூனிட்டில் பெரும்பாலும் நாள் கணக்கு, அதன்மேல் பேட்டா எனும் தினப்படி. இந்த வேறுபாடு 2020இல் எல்லோருக்கும் புரிந்தது. ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றதும் நாள் கணக்கில் இருந்தவர்களின் வருமானம் அன்றே நின்றது. திரைத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெப்சி நிதி திரட்டி உதவ வேண்டியதாயிற்று. மே மாதம் 20 பேரோடு தொடர்களைப் படமாக்க அரசு அனுமதித்தபோது, அவ்வளவு குறைவான ஆட்களை வைத்துக்கொண்டு நடத்த முடியாது என்று துறையினர் கேட்டுக்கொள்ள, சில நாட்களிலேயே அது 60 ஆக உயர்ந்தது. நாலு பேர் உட்கார்ந்து பேசும் கூடத்துக்காகச் சுற்றி நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த எண்ணே காட்டுகிறது.

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் எந்த நிறுவனத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சேரும் நாளிலேயே அந்தக் குழுவில் யார் யார் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தை நான் தவிர்ப்பேன். தாமதமாக வேலை முடியும் இரவுகளில் வீட்டுக்கு வண்டி உண்டா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். எடிட்டிங் அறையில் நேரம் போவதே தெரியாது.

கேள்வி: ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் நான். எனக்கு ஏதாவது வழி உண்டா?
(வாசகர், தென்காசி)

பதில்: உண்டு, லைட்மேனாக. எந்த விளக்கு எத்தனை வாட், ஜெனரேட்டர் எவ்வளவு தாங்கும், மழை ஈரத்தில் கேபிளை எப்படி இழுப்பது என்று தெரிந்தவருக்கு யூனிட்டில் மரியாதை இருக்கிறது. தொழிற்சங்க உறுப்பினர் அட்டை இல்லாமல் நிரந்தரமாக வேலை கிடைப்பது அரிது. ஆகவே விளக்குகளை வாடகைக்கு விடும் அவுட்டோர் யூனிட் ஒன்றில் முதலில் உதவியாளராகச் சேர்ந்து, அங்குள்ள மூத்த லைட்மேன்கள் மூலம் சங்கத்தை அணுகுங்கள். ரப்பர் அடி கொண்ட செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.